இருபதுக்குப் பதினொன்று

கூடலூர் வளாகத்தில் ஆங்கிலம் நடத்தும் பெனிட்டாவைப் பற்றி யார் கேட்டாலும், அவரோடு நான் போட்ட சண்டையைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகங்களுக்கும் ஒரே ஆங்கிலப் பாடத்திட்டம் தயாரிக்கும் குழுவில் இருவரும் இருந்தோம். பேச்சுத் தேர்வுக்கு இருபது மதிப்பெண் வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். நான் பெரியகுளம் வளாகத்துக்காரன், பத்தொன்பது வருட சர்வீஸ், வாயும் கொஞ்சம் நீளம்.

"ரெண்டு கேம்பஸ்ல லாங்குவேஜ் லேப்பே இல்ல. எத வச்சு மேடம் டெஸ்ட் வைப்பீக?" என்று எகிறினேன்.

"போன வச்சு. எங்க பிள்ளைக உங்களுக்குப் பேசட்டும். உங்க பிள்ளைக எனக்குப் பேசட்டும். பத்து நிமிசம் போதும் சார்."

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் அமிர்தராஜின் மகள் அவர். எம்.ஏ.வில் தங்கப் பதக்கம் வாங்கியும், முதல் நேர்காணலில் பெயரைச் சொன்னதோடு வாயடைத்துப்போய்த் திரும்பியவர். ஐந்து வருடம் எழுதிக் குவித்த ஆங்கிலத்தை அன்றுதான் முதன்முதலாகப் பேசச் சொன்னார்களாம்.

"எம் பிள்ளைக அப்படி நிக்கக் கூடாது சார்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்த இருபது மதிப்பெண் இருக்குமா போகுமா என்று முடிவாக வேண்டும். அதற்குள் ஒரு முறை செய்து பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டேன், சொதப்பிவிடும் என்ற நம்பிக்கையில்.

புதன்கிழமை, பெனிட்டாவின் முதலாண்டு மாணவி மாரீஸ்வரி அழைத்தாள். லீவு நாளில் ஏலக்காய் எடுக்கப் போவதைப் பற்றித் திக்கித் திக்கிப் பேசினாள். ஆறு மதிப்பெண் போட்டேன். சாயங்காலம் பெனிட்டா அழைத்தார்.

"அவளும் உங்களுக்கு மார்க் போட்ருக்கா சார். கேக்குறவுகளுக்கும் மார்க் உண்டுன்னு நாந்தான் சொல்லியிருந்தேன். இருபதுக்குப் பதினொன்னு."

"என்ன கொறையாம்?"

அவள் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தார். "சார் நல்லவுகதான். ஆனா ஒரு வாக்கியத்தக்கூட முடிக்க விடல. குறுக்க குறுக்கத் திருத்துனாக. சொல்ல வந்ததே மறந்துபோச்சு."

கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பத்தொன்பது வருடத்தில் எந்த மாணவரும் என்னிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்து முடித்ததாக நினைவே இல்லை. அதற்கு லேப் இல்லாதது காரணமில்லை, என் வாய்தான்.

மறுநாள் பெனிட்டாவின் போனுக்கு அழைத்து மாரீஸ்வரியிடம் கொடுக்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா கேட்டேன். தப்பும் தவறுமாக ஜீப், மழை, காலில் ஏறிய அட்டை என்று எல்லாம் சொல்லி, கடைசியில் "தட்ஸ் ஆல் சார்" என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலில் தூக்கியது என் கைதான். இன்று நான்கு வளாகங்களிலும் அந்தத் தேர்வு நடக்கிறது. கேட்பவருக்கு மாணவர் மதிப்பெண் போடும் கட்டமும் தாளில் இருக்கிறது, நான் வற்புறுத்திச் சேர்த்தது.

இந்த வருடம் எனக்குப் பதினேழு வந்தது. உடனே பெனிட்டாவுக்குப் போன் போட்டு, "எல்லாம் உங்களாலதான், ரொம்ப நன்றி மேடம்" என்றேன்.

"இன்னும் மூணு இருக்குல்ல சார்," என்றார்.