வின்சென்ஸின் தாடி போதும் என்றார்கள்

வின்சென்ஸை நான் முதன்முதலில் உற்றுக் கவனித்தது மாட்டுச் சந்தையில். ஒரு பொடியன், தன் அப்பா விற்க நிறுத்தியிருந்த பசுவின் பக்கத்தில் நின்று, வாங்க வந்தவரிடம் அதன் குறைகளை ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டிருந்தான். உதைக்கும், வேலி தாண்டும், இடி இடித்தால் பால் தராது. "வின்சென்ஸ், வாய மூடுடா" என்று அவன் அப்பா பல்லைக் கடித்தார். வந்தவர் சிரித்துக்கொண்டே அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார். பொடியன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் நிற்கும் அந்த முகம் அவனுக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. தாடிதான் புதிது.

அவன் அப்பா என் பெரியப்பா மகன். அம்மா என் கணவருக்குச் சித்தி. ஆல்ப்ஸ் மலையில் எங்கள் லானர்ப் பள்ளத்தாக்கு மாதிரி சின்ன இடத்தில் சொந்தம் இப்படித்தான் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வரும். அதனால் வின்சென்ஸுக்கு நான் அத்தையும் ஆகிறேன், அண்ணியும் ஆகிறேன். காரியம் ஆக வேண்டுமென்றால் "அத்தை" என்பான். கிண்டல் என்றால் "அண்ணி". அவன் கூப்பிடுவதை வைத்தே எதற்கு வந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம்.

மாடுகளுக்கு அவன் கொடுக்கும் மரியாதையை மனிதர்களுக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் தொழுவத்துக்குள் நுழையும்போதே "எந்திரிங்க, நல்லாத் தூங்கினீங்களா, கொஞ்சம் நகருங்க" என்று ஆரம்பித்துவிடுவான். பாதிரியாரையும் மாவட்டக் கலெக்டரையும் வா போ என்பான். டாக்டர் புகையிலை கூடாது என்று சொன்ன நாளிலிருந்து வெறும் பைப்பைக் கடித்துக்கொண்டு திரிகிறான். அவன் மனைவி ஓட்டிலி, "எம் புருஷன் புகை விடறத நிறுத்திட்டாரு, புளுகு விடறதத்தான் நிறுத்தல" என்பாள். அது அநியாயம். புளுகு அவனுக்கு வராது. அவன் பட்ட பாடெல்லாம் உண்மையைச் சொல்லித்தான்.

குளிர்காலப் போட்டி எங்கள் ஊருக்கு வருகிறது என்று அறிவித்தார்கள். உலக நாடுகளெல்லாம் வந்து பனியில் சறுக்குவார்கள், பெரிய பெரிய மனிதர்கள் வருவார்கள் என்றார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. வேண்டும் என்றவர்கள் தேவாலயத்தில் இடது பக்கம் உட்கார்ந்தார்கள், வேண்டாம் என்றவர்கள் வலது பக்கம். என் மூத்த மருமகளும் இளைய மருமகளும் ஒரே அடுப்பில் தனித்தனியாகக் காபி போட்டுக்கொண்டார்கள். சண்டைக்கெல்லாம் மூலம், இப்போது எங்கள் ஊரில் நம்பிப் போட்டி வைக்கிற அளவுக்குப் பனி விழுவதில்லை. இயந்திரத்தால் பனியைப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சத் தண்ணீர் வேண்டும். அதற்காக மேலே மேய்ச்சல் மலையில், எங்கள் மாடுகள் கோடை முழுவதும் மேயும் இடத்தில், ஒரு பெரிய குளம் தோண்டினார்கள். அடியிலிருந்து கரைவரை கறுப்புப் பிளாஸ்டிக் விரித்தார்கள். வேலி போடவில்லை.

அந்தக் கோடையில் வின்சென்ஸின் பசு ஸ்டெர்னா அதில் தண்ணீர் குடிக்க இறங்கினாள். ஸ்டெர்னா என்பது மந்தைக்கு முன்னால் நடக்கும் முன்மாடு பிளெஸ்ஸின் மகள், கிழட்டு லோனியின் பேத்தி, நல்ல வம்சம். பிளாஸ்டிக்கில் குளம்பு நிற்கவில்லை. ஏற முயன்று முயன்று, வழுக்கி வழுக்கி, வின்சென்ஸ் கயிறு கொண்டுவருவதற்குள் மூழ்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஜூனில் மாடுகள் மேலே ஏறுவதற்குள் குளத்தைச் சுற்றி வேலி வேண்டும். நஷ்ட ஈடு கொடுக்க வந்தவர்களைத் தொழுவத்து வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினான். போட்டியை நடத்தும் அமைச்சரின் ஆட்கள், ஹெலிகாப்டரிலிருந்து படம் பிடிக்கும்போது வேலி அசிங்கமாகத் தெரியும், போட்டி முடியட்டும் என்றார்கள். போட்டி முடிந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் எவன் திரும்பிப் பார்ப்பான்?

அமைச்சர் என்றால் வேறு யாருமில்லை, பக்கத்துப் பள்ளத்தாக்கு காசியான். என் நாத்தனாருக்கு ஓரகத்தி மகன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மாட்டுத் தொழுவத்துக்கு மேல் அறையில். அவன் பத்திரிகைக்காரர்களிடம், குளத்தில் எந்த மாடும் விழவில்லை, இது போட்டிக்கு எதிரானவர்கள் கட்டிவிட்ட கதை என்று சொல்லிவிட்டான். பத்திரிகைகளும் அப்படியே போட்டன.

பிறகு டி.வி.க்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாடி வைத்த விவசாயி தேவைப்பட்டான். எங்கள் ஊரில் பார்க்க லட்சணமான தாடி வின்சென்ஸுடையதுதான். முதலில் வந்தது போட்டிக்கு ஆதரவான சேனல். அவர்களிடம் ஸ்டெர்னா வழுக்கியதை, கயிறு எட்டாமல் போனதை, வேலி இல்லாததை எல்லாம் அரை மணி நேரம் சொன்னான். சாயங்காலம் நாங்கள் கூடி உட்கார்ந்து பார்த்தோம். வின்சென்ஸ் சிரித்துக்கொண்டே பாலாடைக்கட்டி வெட்டிக் கொடுக்கிறான். கீழே, "போட்டியை வரவேற்கும் மலை மக்கள்" என்று எழுத்து ஓடுகிறது. ஸ்டெர்னா வரவே இல்லை.

அடுத்தது எதிர்ப்புச் சேனல். இவர்களாவது போடுவார்கள் என்று மறுபடி முழுக் கதையையும் சொன்னான். அவர்களுக்கு ஊழல் வேண்டியிருந்தது, ஒற்றை மாடு போதவில்லை. வெயில் கண்ணில் அடித்ததால் அவன் முகத்தைச் சுளித்த இடத்தை மட்டும் எடுத்து, "கொதிக்கும் மலை மக்கள்" என்று போட்டார்கள். மூன்றாவதாக வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள், கண்கூடக் கலங்கினாள். கடைசியில், மலை உச்சியில் நின்று ராகம் போட்டுக் கூவுவீர்களாமே, ஒரு தடவை கூவிக் காட்டுங்கள் என்றாள்.

"ஒன் தாடிக்குத்தான் மவுசு, பேச்சுக்கு இல்ல. தாடிய மழிச்சி அவங்க கையில குடுத்துட்டு வேலையப் பாரு" என்றாள் ஓட்டிலி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கோடை முடிந்து மாடுகள் மலையிலிருந்து இறங்கும்போது தலையில் பூக்கிரீடம் வைத்து ஊர்வலமாகக் கூட்டி வருவோம். ஆனால் மேலே ஒரு மாடு செத்திருந்தாலும் அந்த வீட்டு மந்தைக்குக் கிரீடம் கிடையாது. முன்மாட்டின் கொம்பில் கறுப்பு நாடா கட்டுவார்கள். அந்த மாடு கடந்து போகும்போது ஆண்பிள்ளைகள் தொப்பியைக் கழற்றுவார்கள். அடுத்த கோடைக்கு மாடு ஏறும்வரை அந்தத் துக்கம் உண்டு. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பிளெஸ் கறுப்பு நாடாவோடுதான் இறங்கினாள். பார்க்க ஒரு கேமராவும் வரவில்லை.

ஜனவரியில் போட்டிக் குழுவுக்கு ஒரு யோசனை தோன்றியது. தொடக்க விழாவில் கிரீடம் வைத்த மாடுகள் ஊர்வலம் போனால் உலகமே ரசிக்குமாம். நடுக் குளிர்காலத்தில் மாட்டை வெளியே இழுத்துக் கிரீடம் வைப்பதா என்று ஊரே சிரித்தது. ஆதரவுக் கட்சிக்காரர்கள்கூட மாடு தர மாட்டோம் என்றார்கள். வின்சென்ஸ் தருகிறேன் என்றான்.

போட்டி வேண்டாம் என்ற வலது பக்கத்தார் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள். கதவில் யாரோ சாணி அடித்தார்கள். நானே நேரில் போய், வெட்கமாக இல்லையா, ஸ்டெர்னா செத்து வருஷம் திரும்பவில்லையே என்று கேட்டேன். பிளெஸ்ஸுக்கு முதுகு தேய்த்துக்கொண்டே திரும்பினான்.

"அத்தை, நேரலை நேரலைன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன தெரியுமா? அதுல வெட்டி ஒட்ட முடியாதாம்."

"அப்ப பேசப் போறியா?"

"நானா? நான் வாயே தொறக்க மாட்டேன்."

அத்தை என்று கூப்பிட்டானே என்று நானும் அதற்கு மேல் தோண்டவில்லை.

விழாவன்று கிரீடங்கள் பெரிய பெட்டியில் வந்தன. காகிதப் பூ, நடுவில் விளம்பரக் கம்பெனியின் சின்னம். வின்சென்ஸ் நன்றி சொல்லி வாங்கிப் பெட்டியோடு வைக்கோலுக்குப் பின்னால் வைத்தான். ஊரில் வெயில் அடித்துக் கிடக்க, மைதானத்தில் மட்டும் இயந்திரம் கக்கிய பனி வெள்ளைப் பாய் மாதிரி விரிந்திருந்தது. மேடையில் காசியான், அவன் பக்கத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள், தூதர்கள். பேண்டு வாத்தியம் முழங்க மாடுகள் வந்தன. ஒன்றின் தலையிலும் பூ இல்லை. முன்னால் பிளெஸ், கொம்பில் கறுப்பு நாடா. பக்கத்தில் வின்சென்ஸ், வாயில் வெறும் பைப். காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டே கூட ஓடினாள். டி.வி.யில் பேசியவர் பட்டணத்து ஆள். மலை மக்களின் அடக்கமான அழகுணர்ச்சி என்று அந்த நாடாவை மெச்சிக்கொண்டிருந்தார்.

பிளெஸ் மேடைக்கு நேராக வந்தாள். கழுத்து மணி ஒலித்தது. காசியானின் கை தானாக மேலே போனது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். கழற்றிய பிறகுதான் அவனுக்கே புரிந்தது என்று நினைக்கிறேன், முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மறுபடி தலையில் வைக்கவும் முடியாது, மாடு இன்னும் கடந்து போகவில்லை. அதற்குள் மேடைக்குக் கீழே வரிசையாக நின்ற எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையினர் கழற்றினார்கள். பேண்டுக்காரர்கள் ஒரு கையால் கழற்றியதில் பாட்டு பாதியில் படுத்துவிட்டது. இதுதான் இந்த நாட்டுச் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று தூதர்களும் விருந்தாளிகளும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். இத்தனை நாட்டுப் பெரிய மனிதர்கள் வழுக்கைத் தலையும் நரைத்த தலையுமாக எங்கள் ஸ்டெர்னாவுக்கு மரியாதை செய்ததை உலகமே பார்த்தது. ஒன்றையும் வெட்ட முடியவில்லை.

பட்டணத்துக்காரர்களுக்குப் புரியாவிட்டாலும், மாடு வளர்க்கும் பள்ளத்தாக்குகள் அத்தனையிலும் அந்த நொடியே தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே படம். எந்த மாட்டுக்காக அமைச்சர் தொப்பி கழற்றினார் என்று கேள்வி. நிருபர்கள் வின்சென்ஸின் வாசலில் குவிந்தார்கள். அவன் சந்தையில் நின்ற அதே முகத்தோடு, "நான் ஒண்ணும் சொல்லலியே. கழட்டினவன்கிட்டப் போய்க் கேளுங்க" என்றான்.

காசியான் தலை அரித்தது என்று சொல்லிப் பார்த்தான். அதை அவன் அம்மாவே நம்பவில்லை. தொண்ணூறு வயதானாலும் குரல் கணீரென்று இருக்கும். தொலைபேசியில் மகனைப் பிடித்து அவர் கேட்டது எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். "மாட்டுக்குத் தொப்பி கழட்டத் தெரிஞ்ச கைக்கு நாலு கம்பு நடத் தெரியாதாடா?"

மேலே பனி உருகித் தரை தெரிந்த வாரமே லாரியில் கம்பங்கள் வந்து இறங்கின. தேவாலயத்தில் இன்னும் இடது வலது இருக்கிறது. ஆனால் வேலியைப் பார்க்க இரண்டு பக்கத்தாரும் ஏறிப் போனார்கள். வின்சென்ஸ் ஒவ்வொரு கம்பத்தையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாடுகளை மேலே ஏற்றினான்.

இப்போது ஆகஸ்ட். வின்சென்ஸ் மலையில் இருக்கிறான், மாடுகள் எல்லாம் அவனோடு இருக்கின்றன.