மழைக்கு வழுக்காத டயர்

என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் இரண்டு பேர்தான் உட்கார முடியும். அதன் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. நான்கு டயர்களும் வெடிப்பு விட்டிருந்தன. ஓடித் தேய்ந்தவை அல்ல, வாசலில் வெயில் காய்ந்தே செத்தவை.

உசத்தியான டயர் வாங்க வசதியில்லை. அதனால் மலிவானதில் எது மழை ரோட்டில் வழுக்காது என்று ஒரு மாதம் வீடியோவாகப் பார்த்தேன். சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை என்று கோபம் வேறு.

கோரிப்பாளையம் டயர் கடைக்காரரையும் விடவில்லை.

“மழையில பிடிக்குமாண்ணே?”

“நல்லாப் பிடிக்கும் சார். ரொம்பத் தூரம் ஓட்டுவீகளோ?”

“இந்தா பக்கத்துல, பரவை வரைக்கும்” என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

புது டயரோடு வீட்டுக்கு வந்ததும் மனைவி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பந்தயத்தில் புறப்படுகிறவன் மாதிரி ஏற்றி நசுக்கினேன். அந்த டயர்கள் இதுவரை கண்ட ஈரம் அந்தச் சாறு மட்டும்தான்.

ஏனென்றால் அந்த வாரமே நல்ல மழை பிடித்து, தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வண்டியை எடுத்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும். தண்ணீர் ஏறாத வாசல் மேட்டிலேயே அதைக் கவரால் இழுத்துப் போர்த்திவிட்டு, ஆபீசுக்குப் பஸ் ஏறக் கிளம்பினேன்.

மனைவி குடையை நீட்டிக்கொண்டே என் காலைப் பார்த்தாள்.

“செருப்பு தேஞ்சு கெடக்கு. வழுக்கிறப் போகுது, பாத்துப் போங்க.”