தலைவரின் படமும் அரை சென்டிமீட்டரும்

திருவெறும்பூர்ப் பக்கம் இரும்பு வேலை செய்யும் சிறு பட்டறைக்காரர்களின் சங்கத்துக்கு மாதாமாதம் ஒரு செய்தி மடல் உண்டு. நாலு பக்கம். ஆசிரியர் நான். சம்பளமில்லாத பதவிதான். ஆனால் அது பறிபோய்விடுமோ என்று நான் நடுங்கியதைப் பார்த்திருந்தால் மந்திரி பதவி என்று நினைத்திருப்பீர்கள்.

முதல் பக்கத்தில் பாதியைச் சங்கத் தலைவரின் படம் அடைத்துக்கொண்டிருந்தது. பொன்னாடையோடு, கைகூப்பியபடி. எடுத்துவிடலாம் என்று சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. அதனால் மாதம் அரை சென்டிமீட்டர் குறைத்தேன். கிடைத்த இடத்தில், வெல்டிங்கில் ஏன் ஓட்டை விழுகிறது என்று சின்னதாக ஒரு பத்தி. கூடவே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். தலைவரின் வாழ்த்துரையில் இரண்டு வரி காணாமல் போனது. யாரும் மூச்சு விடவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழாவது மடல் போன கையோடு சங்கச் செயலாளர் போன் செய்தார்.

“சார், தலைவர் இந்த வருசத்து மடல் எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு.”

“எதுக்காம்?”

“சொல்லலை. சிரிச்சாரு.”

அந்தச் சிரிப்புக்குப் பிறகு தொட்டதிலெல்லாம் சதி தெரிந்தது. கமிட்டிக் கூட்ட அழைப்பில் ‘அவசியம் வரவும்’ என்று புதிதாக இருந்தது. மனைவியிடம் காட்டினேன்.

“ஏங்க, எல்லாருக்கும்தான் அப்படிப் போட்டிருப்பாங்க.”

“எனக்கு மட்டும் போட்டிருந்தா?”

“போட்டோவைக் குறைச்சதுக்குத் தூக்குலயா போடப் போறாங்க? போயிட்டு வாங்க.”

ஸ்ரீரங்கத்தில் ஏறிய பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று பொய்களைத் தயார் செய்துவிட்டேன். அச்சகத்தில் தவறு, பேப்பர் அளவு மாறிவிட்டது, கம்ப்யூட்டரில் வைரஸ்.

கூட்டத்தில் தலைவர் ஏழு மடல்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். காலமெல்லாம் தகடு அளந்தே பிழைத்த மனிதரிடம் அரை சென்டியை மறைக்கப் பார்த்த மடையன் நான்!

“பன்னெண்டு. பதினொன்னரை. பதினொன்னு...” என்று அளந்துகொண்டே போனவர் கடைசி மடலில் நிறுத்தினார். “ஒம்போது.”

“சார், பிரஸ்ல...”

“பிரஸ்ல கேட்டுட்டேங்க.”

மிச்சமிருந்த இரண்டு பொய்களும் தொண்டையிலேயே செத்தன. “நான்தான் குறைச்சேன்” என்றேன். பதவி போயே விட்டது என்று தோன்றியது.

“ஓட்டை பத்தி எழுதுறீங்கள்ல, அதை வெட்டி என் பட்டறைச் சுவத்துல பசங்க ஒட்டியிருக்கானுங்க. என் மூஞ்சி குப்பையில கெடக்கு. படமே வேணாம், எடுத்துருங்க. நீங்களே நடத்துங்க. ஆனா இனிமே எதை மாத்துனாலும் சொல்லிட்டு மாத்துங்க. மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமா அறுத்தா வலிக்குதுல்ல?”

மொத்தக் கமிட்டியும் சிரித்தது. சூட்டோடு சூடாக, பக்கத்தைச் செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்தியாகப் பிரிக்கலாமா என்று கேட்டேன்.

“பிரிங்க” என்றார்.

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தவரை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. மடலில் ஒரு வரியை நகர்த்துவதென்றாலும் முதலில் அவருக்குப் போன் போட்டுவிடுகிறேன்.