இரண்டாவது விமானம்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சுஜீதனும் நம்பாத சாதிதான். பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் மூக்கால் சிரிப்பான். கீழே வருகிற நேரங்கள் எல்லாம் அவனே கொப்பியில் குறித்தவை. மாலை வகுப்பில் மின்னணுவியல் படிக்கிறவன். எதையும் இரண்டு தரம் சரிபார்த்துத்தான் எழுதுவான்.

மூன்று வருடமாகத் தேடிய பழைய ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி அது. ஜப்பானிய இணைய ஏலத்தில் எடுத்து, எழுபது நாள் கப்பலில் கிடந்து, சென்ற தை மாதம் டூங்கபி வீட்டுக் கராஜில் வந்து இறங்கியது. ஆளுயரம். இரண்டு பேர் அருகருகே நின்று விமானம் ஓட்டிச் சுடுகிற விளையாட்டு.

மனைவி வைதேகி அதற்குக் குங்குமம் வைத்தாள். காலடியில் ஒரு எலுமிச்சம்பழமும்.

"ஜப்பான் பேய்க்கு எலுமிச்சம்பழம் விளங்குமோ?"

"நக்கல் வேண்டாம். ஆரோ ஒராளின்ர வீட்டுச் சாமான். ஒண்டு பிழைச்சுதோ, அண்டைக்கே வெளிய போகும். சொல்லிப்போட்டன்."

சனி, மாலை 5.40. வெளியே நல்ல வெயில். தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் இரண்டாவது விமானம் எழுந்து வந்தது. பக்கத்துப் பொத்தானை யாரும் தொடவில்லை.

'எங்கோ வயர் முட்டுகிறது' என்று எழுதினான். வெட்டினான். திரும்ப எழுதினான். திறந்து பார்த்தால் பழைய வயர் முறிந்துவிடுமோ என்று பயம். வைதேகியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பெட்டி போய்விடும்.

ஞாயிறு, 5.40. மறுபடியும் வந்தது. இம்முறை சுட்டது. அவனைவிட நன்றாகச் சுட்டது.

"பேயாம், பேய்!"

பக்கத்து லீவரை இறுக்கிப் பிடித்தான். லீவர் அசையவில்லை.

விமானம் அசைந்தது…

திங்கள், 5.40.

"டேய், ஆம்பிளையெண்டா மூஞ்சையைக் காட்டு!"

இரண்டாவது விமானம் நின்றது. அந்த விளையாட்டில் விமானங்கள் மேல்நோக்கி மட்டுமே பறக்கும். திரும்பாது.

அது திரும்பியது. மெல்ல… மெல்ல…

மூக்கு அவன் பக்கம்.

சுவர் சுவிட்சை அணைத்தான். திரை இருண்டது.

டக்.

பொத்தான் அமுங்கிய சத்தம்.

டக்… டக்…

"இஞ்சேருங்கோ."

கதவடியில் வைதேகி. கையில் தட்டம். இரண்டு தேத்தண்ணி.

"அவர் எங்க?"

"ஆர்?"

"உங்களுக்குப் பக்கத்தில நிண்டவர். யன்னலால கண்டனான். வகுப்புச் சிநேகிதராக்கும் எண்டு…"

சுஜீதன் இம்முறை மூக்கால் சிரிக்கவில்லை.

அந்தக் கிழமையே பெட்டி லொறி ஏறியது. மெல்பேர்ண் கிளேட்டனில் படிக்கும் ஒன்றுவிட்ட தம்பி சுபாங்கனுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். அவனுக்கு இந்த விளையாட்டுகளில் பைத்தியம்.

மூன்று கிழமைக்குப் பிறகு சுபாங்கன் ஃபோனில் கூப்பிட்டான்.

"அண்ணை, பெட்டி திறமான சாமான். ஆனா ரெண்டாவது ஆளின்ர பக்கம் வேலை செய்யேல்லை. கழட்டிப் பார்த்தன். உள்ளுக்க வயரே இல்லை. எப்பவாவது பூட்டின அடையாளமும் இல்லை."

சுஜீதன் கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப… ரெண்டாவது விமானம் வாறேல்லையோ?"

"வயர் இல்லாமல் எப்பிடி அண்ணை வரும்? நான் ஒவ்வொரு நாளும் விளையாடுறன். ஒருக்காலும் வரேல்லை. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

பெட்டி மட்டும்தான் மெல்பேர்ண் போயிருந்தது.