பேர் சொல்லிக் கேட்ட ஜெபம்

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் எட்டாவதோடு நின்றவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து கணவர் வரக் கொஞ்சம் தாமதமானாலே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைதான். நிலக்கரி போகிற பெல்ட் பக்கம் வேலை. ஒரு நாள் காலை வேலை முடிந்து வந்தவர் குழாயடியில் முகம் கழுவும்போதே விழுந்துவிட்டார். கைகால் இழுத்துக்கொண்டது. அக்கா போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடியது நான்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "இன்னா ஆச்சு?" என்றார்.

அக்கா என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. வலிப்புன்னு தெரிஞ்சா உள்ளயே வுட மாட்டாங்க. டாக்டரைப் பாத்துட்டு, லேசான வேலையா மாத்தித் தரச்சொல்லி அவுரே கேக்கறேன்னு சொல்றாரு. வெள்ளிக்கிழம சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். எனக்கு அங்க ஒண்ணும் புரியாது, தொணைக்கு வர்றியா?"

"வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் இருக்குக்கா. அங்க உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணுவேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை வருவதற்குள் பயம் என்னைப் பிய்த்துவிட்டது. பெல்ட் ஓடும்போது விழுந்தால்? தையல் மெஷினை மிதித்தால்கூட அந்த நினைப்புதான்.

எங்கள் சபைப் பெண்கள் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் கூடுவோம். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். யாருக்கு, என்ன கஷ்டம் என்று பேரோடு சொன்னால்தான் மற்றவர்கள் பாரத்தோடு ஜெபிக்க முடியும் என்பது எங்கள் வழக்கம். என் முறை வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பேர், வலிப்பு, பார்க்கும் வேலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தெருவில் நின்று சொன்னால்தானே புறணி, ஜெபத்துக்குச் சொல்வது எப்படித் தப்பாகும் என்று நினைத்தேன். எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அங்கே இருந்த ஒரு சகோதரியின் கணவர் அதே கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். அது எனக்குத் தெரியும், அந்த நேரம் தோன்றவில்லை. அடுத்த ஷிப்டில் அந்த சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும், "உனக்கு வலிப்பாமே, இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று அக்கறையாகத்தான் கேட்டாராம். அன்றைக்கே, "உடம்பைப் பாத்துக்கிட்டு வா" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், திரும்பக் கூப்பிடவில்லை. லேசான வேலை கேட்க அக்காவின் கணவருக்கு வாய்ப்பே இல்லாமல் போனது.

அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, உங்க சாமிக்குக் காது கேக்காதா? நீ ஒருத்தி வூட்ல உக்காந்துகினு மெதுவா சொன்னா அதுக்கு வெளங்காதா? கூட்டம் போட்டுத்தான் சொல்லணுமா?"

"மிஷின்கிட்ட விழுந்துடுவாரோன்னு பயந்துட்டேன்க்கா..."

"பயம் உனக்கு. வேல போனது எங்களுக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை.

'நீ சொன்னதால்தான் அவர் உயிர் தப்பினார், கர்த்தர் காத்தார்' என்று சபையில் சிலர் தேற்றினார்கள். இருக்கலாம். ஆனாலும் என்னால் அதைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. என்னிடம் அக்கா கேட்டது டாக்டரிடம் துணைக்கு வருவதை மட்டும்தான். அதை விட்டுவிட்டு அவர் கேட்காததைச் செய்தேன்.

அக்காவின் கணவர் இப்போது காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் குடோனில் காவலுக்குப் போகிறார். மாத்திரை சாப்பிடுகிறார். மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா, ஆனது ஆச்சு" என்றார் அக்கா. பேசுகிறார், விசேஷத்துக்குப் பலகாரம் தருகிறார். வீட்டு விஷயம் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

சில மாதம் முன்பு ஒரு காலையில் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டது. அவர் மறுபடி விழுந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பார்த்தும் என்னைத் தாண்டி ஓடி, தெருக்கோடி வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுப் பெண் ஓடி வந்தாள். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

விசுவாசம் என்றால் கூட்டத்தில் வாய் திறந்து ஜெபிப்பது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். கஷ்டத்தில் இருப்பவர் நம்பித் தட்டுகிற கதவாக இருப்பதும் அதுதான் என்று, அக்கா என் கதவைத் தாண்டி ஓடிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.