வெந்த சுண்ணாம்பு

பத்தாம் வகுப்பில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் வகை பிரிப்பேன். இது தனிமம், அது சேர்மம், இது வெறும் கலவை. ஐஸ்காரர் பெட்டியில் ஐஸ் உருகினால் இயற்பியல் மாற்றம். கூழ் புளித்தால் வேதியியல் மாற்றம். கரும்பு வெட்டிவிட்டு வந்து அம்மா சோறு வடிக்கும்போது பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

"அரிசி சோறாச்சின்னா மறுபடியும் அரிசியாவாதும்மா. இது வேதியியல் மாற்றம்."

"சோறு அரிசியாவாதுன்னு சொல்லித் தர்றதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? போய் வெறவ எடுத்தா."

அம்மா இப்படித்தான். ஆனால் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்பார். அவர் பள்ளிக்கூடத்துக்குள் போனதெல்லாம் சுவருக்கு வெள்ளையடிக்கத்தான். வருஷத்தில் பாதி நாள் அவரும் கரும்பு வெட்டத்தான் போவார். மார்கழி பிறந்தால் மட்டும் அவர் வேறு ஆள். கச்சிராயபாளையத்தைச் சுற்றி எந்த ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதென்றாலும் அப்பாவையும் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவையும்தான் கூப்பிடுவார்கள். மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் ஏணியைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய்வருவார்கள்.

எங்கள் வாசலில்தான் சுண்ணாம்பு வேகும். ஒரு தகர டிரம்மில் சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் போதும், அடுப்பு இல்லாமலே தளதளவென்று கொதிக்கும். எங்கள் வாத்தியார் அதையே ஒரு கண்ணாடிக் குவளையில் செய்து காட்டினார். சுட்ட சுண்ணாம்போடு நீர் சேர்ந்தால் மிகுந்த வெப்பம் வெளிப்படும், நீற்றுச் சுண்ணாம்பு என்ற புதிய பொருள் உண்டாகும் என்றார். வகுப்பில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வாசலில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காத சங்கதி அது. அன்று சாயங்காலம் அதை அப்பாவிடம் சொன்னேன். தான் இத்தனை வருஷமாக வேதியியல் செய்து வந்திருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பெரியப்பாவிடம் இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்த மார்கழியில் ஒரு காலை. முந்தின நாளே வெந்து முடிந்த சுண்ணாம்பு டிரம்மில் களியாக இருந்தது. அப்பா கழியை விட்டுக் கிளறினார். அடியில் ஏதோ கட்டி மாட்டியிருக்க வேண்டும். கழியை வெடுக்கென்று இழுத்தார். ஒரு கை சுண்ணாம்பு அப்படியே எழும்பி அவர் முகத்தில் அடித்தது.

அவர் கத்திய கத்தலில் பெரியம்மா ஓடிவந்தாள். குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தவள், இடுப்பில் குடம் நிறையத் தண்ணீர். அப்பாவின் தலையைப் பிடித்து நிமிர்த்தி, குடத்தைச் சாய்க்கப் போனாள். நான் குறுக்கே விழுந்து குடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க பெரிம்மா! சுண்ணாம்பு மேல தண்ணி பட்டா கொதிக்கும். கண்ணு வெந்துடும்!"

"இன்னாடி பேசற? மனுசன் எரியுதுன்னு துடிச்சிக்கினு கீறாரு."

"எங்க புக்குல இருக்குது பெரிம்மா. ஊத்தாதீங்க!"

பெரியம்மா தயங்கினாள். அவள் ஊற்றியிருப்பாள். படிக்காதவள், நான்கு பிள்ளை பெற்றவள், கண்ணில் எது விழுந்தாலும் தண்ணீர்தான் என்று கை அறிந்தவள். ஆனால் அப்பா இடது கண்ணைப் பொத்திக்கொண்டே சொன்னார்.

"அது சொல்றத கேளுங்க. அது படிக்கிற புள்ள."

பெரியம்மா குடத்தைக் கீழே வைத்தாள். நான் என் தாவணி முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். யாரோ விளக்கெண்ணெய் விட்டார்கள். டவுன் பஸ் வரும்வரை அப்பா வாசலில் உட்கார்ந்து காலைத் தரையில் உதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தக் குடம், தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அப்பாவைப் படுக்கவைத்து, கண்ணைப் பிளந்து, பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கழுவினார்கள். பெரியப்பா சீட்டு எழுதும் இடத்தில் நின்றிருந்தார். அம்மாவுக்குக் கரும்புக் காட்டில் தகவலே போய்ச் சேரவில்லை. டாக்டர் வெளியே வந்தபோது வராந்தாவில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"உடனே தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?"

"இல்லீங்க சார்."

"ஏன்?"

முந்தின நாள் சுண்ணாம்பு வெந்ததிலிருந்து நடந்ததைச் சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அப்போதுகூட, பரீட்சையில் ஒப்பிப்பதுபோல, சமன்பாட்டோடு சொன்னேன்.

"டிரம்முல முந்தின நாளே தண்ணி ஊத்தி, கொதிச்சு அடங்கினதுதானே அது? இனிமே எங்கம்மா கொதிக்கப் போகுது? அது நீற்றுச் சுண்ணாம்பு. காரம். ஒவ்வொரு நிமிஷமும் கண்ணை அரிச்சுக்கிட்டே இருக்கும். அப்படியே வேகாத துணுக்கு ஒண்ணு ரெண்டு இருந்தாலும், குடங்குடமா ஊத்தினா சூடு எங்க தங்கும்? தண்ணிதான் வைத்தியமே." பிறகு, "என்ன படிக்கிற?" என்றார்.

"பத்தாவது."

அவர் உள்ளே போய்விட்டார். ஒரு அறை அறைந்திருக்கலாம்.

வேதியியல் மாற்றத்தில் பழைய பொருள் இருக்காது, அதன் குணமும் இருக்காது. இதை நோட்டில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஊரில் உள்ளதையெல்லாம் வகை பிரித்த எனக்கு, வாசலில் டிரம் நிறைய இருந்தது எந்தப் பொருள் என்று தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

இடது கண் அவித்த முட்டை மாதிரி வெளுத்துவிட்டது. வலது கண் தப்பியது. அந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு அப்பா செய்த காரியம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. டீக்கடையில், பஸ்ஸில், வெள்ளையடிக்கப் போகிற வீட்டிலெல்லாம் சொன்னார்.

"எம் பொண்ணு மட்டும் இல்லன்னா ரெண்டு கண்ணும் பூட்டிருக்கும். எல்லாம் தண்ணிய தூக்கிக்கினு வந்துட்டாங்கோ. அதுதான் தடுத்துச்சி. படிப்புன்னா சும்மாவா?"

ஆஸ்பத்திரியில் ஊற்றினார்களே என்று யாராவது கேட்டால், "அது மருந்துத் தண்ணிப்பா" என்பார்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்தேன். ஒற்றைக் கண்ணில் ஏணிப்படியின் தூரம் பிடிபடாமல் அவர் காலால் துழாவி ஏறுவதைப் பார்க்கும்போது தொண்டை வரை வரும். அவர் கீழே இறங்கி, என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் சுண்ணாம்பு வாளியை எடுத்து அவரிடம் நீட்டிவிடுவேன். அரசுப் பரீட்சையில் சுட்ட சுண்ணாம்பும் நீரும் கேள்வியாக வந்தது. ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதிவிட்டு வந்தேன். மானங்கெட்ட கை, அப்போதும் எழுதத்தான் செய்தது.

மறு வருஷ மார்கழி. நான் பதினொன்றாம் வகுப்பு. அரைப் பரீட்சை லீவில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் பெரியப்பா "ஐயோ" என்று அலறினார். எழுந்து ஓடினேன். அவர் முகமெல்லாம் வெள்ளை. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா குடத்தோடு நின்றாள். அவளுக்கு முன்னால் அப்பா இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்க! கொதிக்கும்! கண்ணு வெந்துடும். புக்குல இருக்குது!"

என் வார்த்தை, அப்படியே, ஒன்றுவிடாமல். பெரியம்மா, சொந்தப் புருஷன் துடித்துக்கொண்டிருக்க, குடத்தைக் கீழே வைக்கக் குனிந்தாள். அப்பாவைத் தள்ளிவிட்டுக் குடத்தைப் பிடுங்கினேன். பெரியப்பாவின் இமையை விரலால் பிரித்துத் தண்ணீரைக் கொட்டினேன்.

"இன்னா பண்ற நீ? பைத்தியமா புடிச்சிகிச்சி?" அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"தண்ணிதாம்பா ஊத்தணும். பெரிம்மா, இன்னும் கொண்டாங்க, ஓடுங்க! நிறுத்தாம ஊத்தணும்."

பெரியம்மா குழாயடிக்கு ஓடினாள். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கொதிக்கவில்லை. வெள்ளை கரைந்து கரைந்து ஓடியது. மூன்றாவது குடத்தில் பெரியப்பா கண்ணைத் திறந்தார். செக்கச்செவேலென்று இருந்தது. "தெரியுது, தெரியுது" என்று அழுதார்.

அப்பாவின் கை என் தோளிலிருந்து எடுபட்டது.

"அப்ப எனக்கு?" என்றார்.

"அன்னைக்கி நான் சொன்னது தப்புப்பா. ஆஸ்பத்திரியில ஊத்தினதும் வெறும் உப்புத் தண்ணிதான். டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

அவர் தண்ணீர் ஓடிய தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"ஒரு வருசமா தெரியுமா ஒனக்கு?"

தலையை ஆட்டினேன். அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். நான் நின்றது அவருடைய இடது பக்கம். வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது.