பதினான்கு விண்ணப்பங்களின் முதல் வரி

என் கணவர் மட்டாஞ்சேரியில் பிறந்தவர். அவருடைய அத்தாவும் அங்கேதான் பிறந்தார். ஆனாலும் எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தன் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருந்தார். அரசாங்கத்தின் பார்வையைச் சொல்கிறேன். மூன்று மாதம், நல்ல அதிகாரி வாய்த்தால் ஆறு மாதம், அதற்குமேல் தங்க அவருக்கு அனுமதி கிடையாது. தவணை முடிவதற்குள் ஒரு காரணம் எழுதி நீட்டிப்புக் கேட்க வேண்டும். காரணம் எழுதுவது என் வேலை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் “அது எப்படி?” என்று கேட்கிறார்கள். இப்படித்தான். பதினைந்து வயதில் அவர் பம்பாய் போய், அங்கிருந்து கப்பலில் கராச்சிக்குப் போனார். நம் பக்கத்து ஆட்கள் நடத்திய சாயாக்கடைகள் அங்கே நிறைய இருந்தன. ஒரு கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்து, பிறகு சாயா போடும் இடத்துக்கு வந்தார். போனபோது ஒரே நாடு. அவர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அதை இரண்டாக்கிவிட்டார்கள். வடக்கே வெட்டும் குத்தும் நடந்ததைக் கொச்சியில் நாங்கள் செய்தித்தாளில் படித்ததோடு சரி. எங்கள் பஜாரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. கேரளத்துக்கு அந்தச் சண்டை வரவே இல்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது. ஏழு வருஷம் தாமதமாக, பையில் அடங்குகிற ஒரு சின்னப் புத்தகமாக வந்தது.

ஐம்பத்து நாலில் அவர் ஊருக்குத் திரும்ப நினைத்தபோது, பாஸ்போர்ட் இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று கடை முதலாளி சொல்லியிருக்கிறார். ஏஜெண்டு ஒருவன் காட்டிய இடத்தில் எல்லாம் இவர் கையெழுத்துப் போட்டார். தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியும், அதற்குமேல் தெரியாது. கைக்கு வந்தது பாகிஸ்தான் பாஸ்போர்ட். அந்தப் புத்தகத்தை அவர் கப்பல் டிக்கெட்டில் ஒரு வகை என்றுதான் நினைத்தார். கூட வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் கரை இறங்கியதும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். என் கணவர் ஒழுங்கான மனிதர். பத்திரமாகக் கொண்டுவந்து போலீஸ் ஸ்டேஷனில் காட்டினார். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை அடுப்பில் போட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். கராச்சி மாப்பிள்ளை என்று என் வீட்டில் பெருமை வேறு. நான் கோட்டைக் கொச்சியில் கன்னியாஸ்திரீகளிடம் எட்டாவது வரை படித்தவள். என் இங்கிலீஷ் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அதற்காக ஒரு பிரைஸ்கூட வாங்கியிருக்கிறேன். கல்யாணமான இரண்டாம் மாதம் அவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார்.

“ஸ்டேஷன்ல ஒரு அப்ளிகேஷன் கேக்கறாங்க. நீ எழுதுவியா?”

எழுதினேன். மாமிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, உடம்பு சரியில்லை என்று காரணம் போட்டேன். மாமி அப்போது முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

அதை முதலில் படித்தவர் ஸ்டேஷன் ஏட்டு. பாலக்காட்டுத் தமிழர். பஜார் ரோட்டில் இஞ்சி, மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே என் கணவர் போட்டிருந்த சாயாக்கடைக்குத் தினமும் வருவார். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அதைக் கராச்சிக் கடை என்பார்கள், இவரைக் கராச்சி இக்கா என்பார்கள். ஏட்டு தாளை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“தங்கச்சி, நல்லா எழுதியிருக்கே. ஆனா முதல் வரியிலேயே ‘பாகிஸ்தான் குடிமகனாகிய நான்’னு போட்டுரு. அது இருந்தா மேல உள்ளவங்க கேள்வி கேக்கமாட்டாங்க. ஃபைல் எங்கேயும் தங்காம போகும்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன், ஒரே வாரத்தில் ஆறு மாதம் கிடைத்தது. என் கணவர் மாதிரி கராச்சியிலிருந்து வந்த மற்றவர்கள் மாதக்கணக்கில் அலைந்துகொண்டிருக்க, எங்கள் தாள் மட்டும் போனதும் தெரியாது வந்ததும் தெரியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு எல்லா விண்ணப்பமும் அந்த வரியில்தான் தொடங்கியது.

மாமியை நான் காகிதத்தில் எத்தனை தடவை படுக்கையில் தள்ளினேன் என்று சொன்னால் சிரிப்பு வரும். மூட்டு வாதம், மஞ்சள் காமாலை, கண் ஆபரேஷன். தவணை நெருங்கும்போது மாமியே அடுக்களையிலிருந்து கேட்பார்.

“இந்தத் தடவை எனக்கு என்னடி சீக்கு?”

“ரத்தக் கொதிப்பு மாமி.”

“அதெல்லாம் பணக்காரங்க சீக்கு. வேற எதாச்சும் போடு.”

மாமிக்கு நிஜமாகவே உடம்புக்கு வந்தபோது அதை எழுதிப் பயனில்லாமல் போயிற்று. மறுபடியும் அம்மாவா என்று மேலே யாரோ ஓரத்தில் எழுதி, ஒரு மாதம் மட்டும் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மாமி இறந்துபோனார். மையித்தை எடுத்த மூன்றாம் நாள் நான் உட்கார்ந்து அடுத்த விண்ணப்பத்தை எழுதினேன். பொய்யும் இல்லாமல், மேலே யாரும் சந்தேகப்படவும் முடியாத முதல் காரணம் அதுதான்.

மகள் பிறந்தபிறகு எனக்கு அலுத்துவிட்டது. ஜெட்டிக்குப் போய், படகில் எறணாகுளம் போய், பிராட்வேயில் நல்ல தாளாகப் பார்த்து வாங்கி, ஓர் அலுவலகத்து பெஞ்சில் குழந்தையோடு மத்தியானம் வரை உட்கார்ந்து, நாளைக்கு வா என்ற பதிலோடு திரும்பி வருவது. வருஷம் முழுவதும் இதே பிழைப்பு. ஒருநாள் குழந்தை என் மடியிலேயே மூத்திரம் போய், நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்தபோது, இந்த மனிதர் கராச்சிக்கே போய்த் தொலைந்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன். நினைத்தேன்தான், இல்லை என்று சொல்லப் போவதில்லை.

அறுபத்தொன்றில் நீட்டிப்பு கிடையாது, நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அழுதுகொண்டே வக்கீலிடம் போனோம். அவர் உத்தரவைப் படித்துவிட்டு, பயப்படாதீர்கள் என்றார்.

“தெரியாம, வேற வழியில்லாம பாஸ்போர்ட் வாங்கினா அதனால ஒருத்தர் அந்த நாட்டுக்காரர் ஆயிட மாட்டார். மனசறிஞ்சு ஏத்துக்கிட்டார்னு காட்டினாத்தான் கஷ்டம். இவருக்கு எழுதப் படிக்கவே தெரியாதே. நல்ல கேஸ்.”

அன்று மாலை பல மாதங்களுக்குப் பிறகு வீட்டில் இறைச்சி வாங்கிச் சமைத்தோம்.

விசாரணை ஒரு அதிகாரியின் அறையில் நடந்தது. வக்கீல், தெரியாமல் செய்த தவறு என்று விளக்கிச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜைமேல் இருந்த ஃபைலின் நாடாவை அவிழ்த்து, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். பதினான்கு. குண்டு குண்டான எழுத்து. எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றே.

“நல்ல கையெழுத்து. யார் எழுதினது?” என்று மலையாளத்தில் கேட்டார்.

என் கணவர் ஒரு எட்டு முன்னால் போய் நின்றார்.

“என் வீட்டுக்காரி எழுதினதாக்கும் சாரே. கான்வென்ட்ல படிச்சவ.”

அவர் முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே, அதை நான் மறந்து தொலைக்க எவ்வளவோ பார்த்தேன். அதிகாரி கடுமையாக எதுவும் சொல்லவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லையே, நீங்களாகத்தானே ஆறு வருஷமாக இதை எழுதித் தந்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

படகில் திரும்பும்போது, வக்கீலின் முகம் ஏன் மாறிவிட்டது என்று என் கணவர் கேட்டார். அந்த முதல் வரிக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வெலிங்டன் தீவில் ஒரு கப்பலிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ எழுதலேன்னா முதல் வருஷமே அனுப்பியிருப்பாங்க. ஏழு வருஷம் வீட்டுச் சோறு தின்னேனே. அது போதும்.”

அந்த ஆறுதல் என்னிடம் ஒட்டவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு போலீஸ்காரர்கள் அவரை எல்லைவரை கொண்டுபோய் விடுவதற்காக எறணாகுளத்தில் ரயில் ஏற்றினார்கள். ஏட்டு அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டார். பிறகு எங்கள் தெருப்பக்கமே அவர் வந்ததில்லை. எனக்கு அவர்மேல் கோபமில்லை. என் கை எழுதியதற்கு அவரை என்ன சொல்வது?

அறுபத்தைந்தில் போர் வந்தது. தபால் நின்றது. கடையை எடுத்து நடத்தியவர், கராச்சிக் கடை என்று கூப்பிட வேண்டாம் என்று சுமட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் எங்களை ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் பள்ளிக்கூடத்தில், உன் வாப்பா எந்தப் பக்கம் சுடுகிறார் என்று ஒரு பெண் கேட்டாளாம். சாயா போடுகிறவர் யாரைச் சுடுவார் என்று நான் சத்தம் போட்டேன். மகளிடம் போட்டு என்ன பிரயோஜனம்?

போர் முடிந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆனபிறகு, துபாய் போன யாரோ ஒருவர் மூலம் அவருடைய கடிதம் வந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தார். விசாவுக்கு மனுப் போடப் போகிறேன், அங்கிருந்து குடும்பத்தார் ஒரு கடிதம் தர வேண்டுமாம், என்ன காரணம் என்று அதில் இருக்க வேண்டுமாம். கடைசியில், “நீ எழுதினால் நடக்கும்” என்று இருந்தது.

முதலில் உண்மையை எழுதினேன். இது அவருடைய வீடு, வீட்டுக்கு வருகிறார் என்று ஒரே வாக்கியம். அது விசா அலுவலகத்திலிருந்து சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டு, தகுந்த காரணம் தேவை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

இன்னொரு தாள் எடுத்தேன். சீக்காக்குவதற்கு மாமி இல்லை. எனக்கு நெஞ்சுவலி, நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று எழுத முடிவு செய்தேன். காரணம் எழுதுவது பழகிய வேலைதான், அதற்குக் கை தயங்கவில்லை. முதல் வரிக்குத்தான் தயங்கியது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வரி இல்லாமல் எந்தத் தாளும் நகராது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

எழுதினேன். பாகிஸ்தான் குடிமகனாகிய என் கணவர்.